மூன்றாம் மாடிச் சாமியும் போர்த்துக்கல் போத்தலும்

பிள்ளை, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்திருந்து இதை வாசியுங்கள். கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசியுங்கள். போன மாதம் என் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு போர்த்துக்கல் சிவப்பு வைன் வாங்கித் தந்தீர்கள். சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். போத்தலின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததையும் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். பழுத்த கறுப்புப் பழம், தேவதாரு மரம், புகையிலை, கடைசியில் கொஞ்சம் தோல். என்ன தோல் என்று கேட்டேன். "சப்பாத்துத் தோல்" என்று தம்பி சிரிக்காமல் சொன்னாய். பிறகு பிள்ளை கிளாஸைச் சுழற்றி, மூக்கை முழுதாக உள்ளே விட்டு எடுத்து, "அப்பா, உங்களுக்கு வைன் விளங்காது" என்றாய்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சப்பாத்து மணக்கும் சாமானைக் காசு கொடுத்து வாங்கி, அதை மோந்து பார்த்துப் பூரிக்கும் அளவுக்கு என் படிப்பு போகவில்லை. அது உண்மை. ஆனால் போர்த்துக்கல் வைன் எனக்கு விளங்காது என்பதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது எதோடு சேரும், எதோடு சேராது, யாரோடு சேராது என்பதெல்லாம் சுவிஸில் இந்த சோலோதுர்ன் வீட்டிலேயே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளங்கிவிட்டது. நீங்கள் அன்று மாமியோடு தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தீர்கள். ஓட்டத்தில் தோற்று, கோபத்தோடு திரும்பி வந்தீர்கள். வீட்டில் நடந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

என்னோடு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்த போர்த்துக்கல்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். நத்தார் பண்டிகைக்கு முட்டையும் பாலும் வைத்துச் சுட்ட சின்னப் பணியாரங்கள் கொடுத்துவிடுவாரே, அவர்தான். இல்லத்தில் எங்களுக்கும் மதியச் சாப்பாடு தருவார்கள். மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் மண்ணிறமாக ஒரு குழம்பு. பல் இல்லாதவர்களுக்குச் சமைத்தது. நாக்கும் இல்லை என்று நினைத்துச் சமைத்தது. அதனால் நானும் அவரும் குளிரறைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, அம்மா கட்டித் தந்த சாப்பாட்டைப் பாதி பாதியாகச் சாப்பிடுவோம். தன்னுடைய பாணிலும் ஒலிவ் காயிலும் அவர் எனக்குப் பாதி தருவார். எங்கள் இருவருடைய ஜெர்மனும் ஒரே மாதிரி நொண்டி. அதனாலேயே ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். அம்மாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய் வரும் என்று அவருக்குத் தெரியும். கறியில் உறைப்புக் கூடினால், "வீட்டில் சண்டையா?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஓய்வு வந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊரோடு போகப்போவதாகச் சொன்னார். அலென்தேஜோ என்று போர்த்துக்கலின் தெற்கே வெயில் கொளுத்தும் ஒரு வெளி. அவருடைய தம்பி அங்கே திராட்சை வைத்திருந்தார். கடைசிக் கிழமை அந்தப் பெட்டிகளின் மேல் இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷம் உன் மனைவியின் கையால் சாப்பிட்டேன். அவளோடு ஒரு மேசையில் இருந்து, எங்கள் வைனில் ஒரு கிளாஸ் குடிக்காமல் போனால் எனக்கு மனம் ஆறாது. ஞாயிறு பின்னேரம் காரில் புறப்படுகிறோம். மத்தியானம் வரட்டுமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். வா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எந்த மேசையில் என்று யோசித்தேன்.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் குடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேசையில் குடிக்கக்கூடாது. சாமிப்படம் இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள். கெல்லரில் குடிக்கலாம். கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலகையடித்துப் பிரித்துக் கொடுத்திருக்கும் அந்த நிலவறை, சுவிஸ்காரருக்குச் சாமான் வைக்கிற இடம். எங்கள் ஆண்களுக்கு அது கோயில் வீதி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரண்டு பேராக, "டயர் பாத்திட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். எல்லா வீட்டு ஆண்களுக்கும் பனி டயரில் அப்படி ஓர் அக்கறை. அரிசி மூட்டைக்குப் பின்னால் விஸ்கி இருக்கும். சாமி மூன்றாம் மாடியில் இருப்பதால் அவருக்கு இது தெரியாது. லிஃப்ட் ஏறத் தெரிந்த எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நிலவறையின் கொங்கிரீட் கதவு ஒரு சாண் தடிப்பு. சண்டை வந்தால் சனம் ஒளித்திருப்பதற்காகக் கட்டியது. உண்மையான சண்டையிலிருந்து ஓடி வந்தவர்கள் நாங்கள், அதற்குள்ளே மனைவிமாருக்கு ஒளித்திருந்தோம்.

வைன் என்பது சாப்பாட்டோடு குடிப்பது. நாங்களோ குடித்து முடித்த பிறகுதான் சாப்பிடுவோம். சோறு ஆறி, கறியில் எண்ணெய் உறைந்து, அம்மாமார் மூன்றாம் தரம் சூடாக்கி, முகத்தையும் சூடாக்கி வைத்திருக்கும்போது மேலே ஏறி வந்து, "எனக்குப் பெரிசாப் பசியில்லை, கொஞ்சமாப் போடும்" என்போம். இந்த முறையெல்லாம் தெரியாத ஒரு மனிதரை நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன்.

அத்தான் வராமல் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். உங்கள் பெரிய மாமாவைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயில் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தான் கோயில் நிர்வாகத்தில் பெரிய ஆள். அம்மாவின் மூத்த அண்ணன். நான் இந்த நாட்டில் முதல் குளிருக்குப் போட்ட ஜக்கெட் அவருடையது. இதையெல்லாம் அவர் மறக்கவும் மாட்டார், மறக்க விடவும் மாட்டார்.

விருந்தாளியும் மனைவியும் வந்தார்கள். அவர் கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தல். ஒரே ஒரு போத்தல்தான். மற்றதெல்லாம் காரில் அடியில் கட்டுப்பட்டுவிட்டது என்றார். லேபிள் இல்லை. அவருடைய தம்பி வீட்டில் செய்தது. அதை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை நீட்ட முதல் அத்தான் இடையில் புகுந்து வாங்கிவிட்டார்.

"என்ன மச்சான், மண்ணெண்ணெய்ப் போத்தலோ? பேர் ஊர் ஒண்டையும் காணேல்லை" என்றார் எனக்கு. விருந்தாளிக்குச் சிரித்துத் தோளில் தட்டி, "கொம், கொம், கெல்லர்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சாமிப்படத்தைப் பார்த்தேன். லிஃப்ட் வந்துவிட்டது.

கெல்லரில் நாலு மடக்குக் கதிரை, டயர், அரிசி மூட்டை, பிள்ளை பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பூமாலைகள். வெளிச்சம் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். யாராவது எழுந்து சுவிட்சை அழுத்த வேண்டும். டயர் அடுக்கின்மேல் பலகை வைத்து, மிக்ஸர் கொட்டி, அத்தான் பிளாஸ்டிக் கப்புகளில் வைனை ஊற்றினார். முக்கால் கப். விஸ்கிக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று அளக்கிற மனிதர், இதை மோர் மாதிரி ஊற்றினார். ஐஸ் போட்டார். மீதிக்குக் கோலா விட்டார்.

"அத்தான், அதைச் சும்மாதான் குடிக்கிறவை" என்றேன்.

"சும்மா குடிச்சா புளிக்கும். நான் எத்தினை வைன் குடிச்சிருப்பன்? இவங்களுக்குச் செய்யத் தெரியும், குடிக்கத் தெரியாது."

பொருளாளர் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, "ஏறுதில்லையே அண்ணை" என்று முறையிட்டார்.

நானும் குடித்தேன். எழுதி வையுங்கள்: போர்த்துக்கல் சிவப்பு வைனோடு கோலா சேர்ந்தால், சின்ன வயதில் உங்களுக்கு மூக்கைப் பிடித்துப் பருக்கிய இருமல் பாணி. மிக்ஸர் சேர்ந்தால், இருமல் பாணியும் கடலைமாவும். விருந்தாளி தன் ஊர்த் திராட்சையை அந்த நிலையில் குடித்தார். கப்பைக் கீழே வைக்காமல், முகம் சுளிக்காமல் குடித்தார். அன்றைக்கு அந்த நிலவறையில் தனக்குரிய குளிரில், தனக்குரிய இருட்டில் இருந்தது போத்தல் ஒன்றுதான். அதையும் நாங்கள் சும்மா விடவில்லை. நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அத்தான் இரண்டாம் சுற்றுக்குக் கை நீட்டினார். இந்தப் போத்தல் முடிந்தால் அந்த மனிதர் கேட்டு வந்த ஒரே விஷயமும் முடிந்துவிடும். பின்னேரம் கார் ஏறிவிடுவார். இனி எந்தச் செவ்வாய்க்கிழமையும் இல்லை.

அப்போது அவர் எழுந்தார். சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல இடம்" என்றார். தங்கள் ஊரிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படிக் குளிரான ஓர் அறை உண்டாம். அங்கேதான் வைன் இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு எல்லோரும் அங்கேயே மேசை போட்டுச் சாப்பிடுவார்களாம். இங்கே எல்லோரும் கெல்லரில் சாமான்தான் வைக்கிறார்கள், நீ கதிரை போட்டிருக்கிறாய் என்று எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லிக்கொண்டே மடக்குக் கதிரைகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார். அரிசி மூட்டையை ஓரத்துக்கு இழுத்தார். கைக்குட்டையால் பலகையைத் துடைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நாலு கதிரை காணாது. உன் மனைவி எங்கே இருப்பாள்? என் மனைவி எங்கே இருப்பாள்?"

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"பொம்பிளையள் எங்க இருக்கிறதெண்டு கேக்கிறார்."

வெளிச்சம் அணைந்தது. இருட்டுக்குள் பொருளாளர் சிரித்தார். சுவிட்சை அழுத்தியது விருந்தாளிதான்.

"பொம்பிளையள் இஞ்சயோ?" அத்தானின் குரல் உயர்ந்தது. "விசர்க்கதை. இது ஆம்பிளையளின்ர இடம் எண்டு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். ஆண்களுக்கான இடம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன், கழிப்பறைக் கதவில் எழுதியிருக்கும் அந்தச் சொல்தான். அதைச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவர் என் பதிலுக்காக நின்றார்.

"இப்ப வருவார்கள்" என்று அவருக்குச் சொன்னேன். அத்தானின் கைக்கு முன்னால் போத்தலைத் தூக்கி விருந்தாளியிடம் கொடுத்தேன். அத்தான் ஏதோ சொல்ல முதல் படியேறிவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனம் மாறியிருக்கும்.

மேலே அவருடைய மனைவி சோபாவின் நுனியில், கையில் ஆரஞ்சுச் சோடாவோடு, பிள்ளையின் சாமத்தியவீட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற எந்தப் பெண்ணும் அதற்குத் தப்பியதில்லை. ரெஜிஃபோம் அட்டையில் செய்த தாமரை விரிந்து, புகைக்குள்ளிருந்து பிள்ளை எழும்புகிற இடம். "கலியாணமா?" என்று அந்த மனுஷி பயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். "நோ, நோ" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் விளக்கும் ஜெர்மன் அன்று வீட்டில் நின்ற யாரிடமும் இல்லை.

"எல்லாம் ஆறுது. எங்க அவர்?" என்றார் அம்மா.

"கீழ. உமக்குக் கதிரை போடுறார்."

"எனக்கோ?"

"ஓம். நாங்கள் கெல்லரிலதான் சாப்பிடுறனாங்கள் எண்டு நினைச்சிட்டார். நீர் வாறீராம் எண்டு பலகையெல்லாம் துடைச்சுப்போட்டார்."

"அண்ணையும் நிக்கிறாரோ?"

"நிக்கிறார்."

அம்மா ரிமோட்டை எடுத்தார். தாமரையை அணைத்தார். குசினிக்குள் போய் ஆட்டிறைச்சிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். "நீங்கள் சோத்துப்பானையைத் தூக்குங்கோ. அந்த ஸ்டூலையும் கொண்டுவாங்கோ. மற்றக் கறியளையும் பேணியளையும் இரண்டாந்தரம் எடுப்பம்" என்றார். போர்த்துக்கல் மனுஷிக்கு ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பைகளைக் கண்டதும் எழுந்து அடுக்கி எடுத்துவிட்டார். வீடியோவிலிருந்து தப்பினால் எங்கேயும் வந்திருப்பார்.

கெல்லர்க் கதவில் அம்மாவைக் கண்டதும் அத்தான் எழுந்து நின்று, கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது சரிந்து அவருடைய வெள்ளைச் சட்டையின் பின்பக்கமெல்லாம் ஊறியது. அவருக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது.

"நீ ஏன் பிள்ளை இஞ்ச வந்தனீ?"

"சாப்பாடு குடுக்க வந்தனான் அண்ணை. நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"நான்… டயர் பாக்க."

"பாத்தாச்செல்லோ? கொஞ்சம் தள்ளுங்கோ, சட்டி வைக்கவேணும்."

பொருளாளருக்கு அந்த நேரம் பார்த்து நிர்வாகக் கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், அவர் ஒருவர் மட்டும் கலந்துகொள்ளும் கூட்டம். அத்தானுக்கும் போக விருப்பம்தான். ஆட்டிறைச்சி மூடியைத் திறந்தாயிற்று. கால் எழும்பவில்லை.

எல்லோரும் இருந்தோம். அம்மா ஸ்டூலில், அத்தானுக்கும் எனக்கும் நடுவில். விருந்தாளி மீதியிருந்த வைனை எவர்சில்வர் பேணிகளில், எல்லோருக்கும் வரும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதலில் அம்மாவுக்கு.

"எனக்குத் தண்ணி காணும். நான் உதெல்லாம் தொடுறேல்லை" என்றார் அத்தான். மீசை நாவல் நிறத்தில் இருந்தது.

விருந்தாளி பேணியை நீட்டி அம்மாவின் பேணியில் முட்டினார். டிங் என்றது. தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஜெர்மனுக்கு மாற்ற முயன்றார், வரவில்லை. அம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் இறைச்சி போடட்டோ?" என்று தமிழில் கேட்டார். அவர் கோப்பையை நீட்டினார்.

அம்மா ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு பக்கம் கோணியது. "நாவற்பழம்" என்றார். "பழுக்காத நாவற்பழம். நாக்கு அப்பிடியே இழுக்குது."

பிள்ளை, நீ மூக்கை விட்டுத் தேடுகிற தேவதாருவும் புகையிலையும் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த வைனின் குணம் அதுதான். முதலில் புளிப்பு, பின்னால் பல்லோரத்தைக் கவ்வுகிற துவர்ப்பு. பிறகு அம்மா இறைச்சித் துண்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பி, இரண்டாம் மிடறு குடித்தார். முகம் நிமிர்ந்தது. கொழுப்பு துவர்ப்பைத் தின்றுவிடும். துவர்ப்பு கொழுப்பைக் கழுவிவிடும். வறுத்த தூளின் மணம் மேலே நிற்கும். கணவாய்ப் பிரட்டலோடு குடித்தோம், உறைப்பு நெருப்பாக ஏறியது, எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு இருந்தோம். மீன் சொதியோடு நான் ஒருவன்தான் குடித்தேன். துருப்பிடித்த ஆணியைச் சூப்பினது மாதிரி. அதைச் செய்யாதீர்கள். எண்ணெயில் பொரித்துப் பாலில் போட்ட கத்தரிக்காயைப் போர்த்துக்கல் மனுஷி வைனோடு சாப்பிட்டுவிட்டு, புருஷனைப் பார்த்து ஏதோ கோபமாகச் சொன்னார். இத்தனை வருஷமும் இதை நீ மட்டும் தின்றாயா என்று கேட்கிறாள் என்று அவர் எனக்குச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை" என்றார் பிறகு, அம்மாவைப் பார்த்து, கத்தரிக்காயைக் காட்டி. "வியாழன்" என்று இறைச்சியைக் காட்டினார். இவர் ஏன் கிழமைகளைச் சொல்கிறார் என்று அம்மா என்னிடம் கேட்டார். சொன்னேன். அம்மா அவருடைய கோப்பையில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய் போட்டார். வெளிச்சம் இரண்டு தரம் அணைந்தது. இரண்டு தரமும் தண்ணீர் குடிக்கிற அத்தான்தான் எழும்பிப்போய் அழுத்த வேண்டியிருந்தது, அவர்தான் கதவோரம். இருட்டில் யாரோ என் பேணியிலிருந்து ஒரு மிடறு குடித்தார்கள். அம்மாவும் அல்ல, விருந்தாளிகளும் அல்ல.

அவர்களுக்கு நேரமாகியது. காரடியில் வைத்து அவர் அம்மாவின் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்தார். நாலு வீட்டு ஜன்னல் பார்க்கும் என்று அம்மா வழக்கம்போல இழுத்துக்கொள்ளவில்லை. கார் போன பிறகு அத்தான், "நல்ல மனுசன், ஆனா எங்கட பழக்கவழக்கம் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முதுகில் அந்த ஊதாப் பூவோடு பஸ் ஏறிக் கோயில் பின்னேரப் பூசைக்குப் போனார். நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அம்மா மேலே போய்க் கோப்பை கழுவத் தொடங்க, சட்டிகளை எடுத்துவரக் கீழே போனேன். அம்மாவின் பேணியில் பாதி வைன் மிச்சமிருந்தது. நின்றபடியே அதைக் குடித்தேன். பிறகு கதிரைகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாத்தினேன். அம்மா இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். அங்கிருந்து திரும்பி வந்து, அதை முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினேன்.